உங்கள் வாத்துக்கு என்ன கோளாறு? கொழும்பு வீட்டு வளவுக்கு ஓர் அறிகுறிக் கையேடு

இது தாராவைப் பற்றியதல்ல. நீளக் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு கேற்றடிக்கு ஓடிவரும் பெரிய வாத்துகளைப் பற்றியது. தாரா வைத்திருப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

கொழும்பில் வாத்து வைத்திருப்பவர்களில் பலரிடம் புல்தரை கிடையாது. ஆறு பேர்ச் காணியில் வீடு, மிச்சத்தில் சீமெந்து முற்றம், மூலையில் ஒரு தகரக் கொட்டில், பின்னேரம் மிஞ்சின சோறும் பாணும். வாத்தோ மாடு மாதிரி நாள் முழுக்கப் புல் மேய்கிற சீவன். கோளாறுகளில் பாதி இந்த இழுபறியில்தான் பிறக்கிறது. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் பாமசிக்கு ஓடுமுன் தண்ணீர் வாளி, காலடித் தரை, தீன் சாக்கு ஆகிய மூன்றையும் பாருங்கள். அவசரமானவற்றை முதலில் தருகிறேன்.

வாய் திறந்தபடி மூச்சு வாங்குகிறது

செட்டைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி, தொண்டை துடிக்க நிற்கிறதா? மார்ச், ஏப்ரலில் காற்று அசையாத மத்தியானங்களில் இது சூடு. 31 பாகை வெப்பம் ஒரு வாத்தைக் கொல்லாது. ஆனால் கொழும்பின் ஈரக்காற்றோடு அது சேரும்போது, வாய் வழியாக ஆவியை விட்டு உடம்பைக் குளிர்விக்கும் வழி அடைபடுகிறது. தகரத்துக்குக் கீழே நிழல் இருந்தாலும் அது அடுப்புதான். மரநிழலுக்கு மாற்றுங்கள், கால்கள் நனையுமளவு சாதாரணத் தண்ணீரில் நிறுத்துங்கள், தலை முழுகுமளவு ஆழமான குடிநீர் வையுங்கள். ஐஸ் தண்ணீரை மேலே ஊற்ற வேண்டாம். தகரத்தின் மேல் கிடுகு பரப்பினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

இரவு பத்து மணிக்கும் வாய் மூடவில்லை என்றால் அது சூடல்ல. மூச்சோடு வால் மேலும் கீழும் ஆடுகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். படுக்கைக்குப் போட்ட வைக்கோலைக் கிளறி மணந்து பாருங்கள். மே மாத மழை தொடங்கியதும் வைக்கோல் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தூள் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் குடியேறினால் மருந்து பிடிப்பது கடினம். ஈர வைக்கோலை முழுதாக அள்ளி எறிந்துவிட்டு உலர்ந்த மரச்சீவல் போடுங்கள். பறவையை மிருக வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டு போங்கள்.

கழுத்தைத் தூக்க முடியவில்லை

முதல் வேலை, குளிக்கும் தொட்டியை வெறுமையாக்குவது. கழுத்து சோர்ந்த வாத்து ஒரு சாண் தண்ணீரில்கூட மூழ்கிச் செத்துவிடும்.

பிறகு துப்புத் துலக்குங்கள். வெள்ளம் வடிந்து இரண்டு மூன்று நாளா? கால்வாய் ஓரமா உங்கள் வீடு? எங்காவது செத்த எலி, அதில் புழு? அழுகும் இறைச்சியில் பொட்டுலிச நஞ்சை உண்டாக்கும் கிருமி வெப்பமான தேங்குநீரில் நன்றாகத் தழைக்கும். அந்தப் புழுவைத் தின்ற வாத்துக்கு முதலில் கால் சோரும், பிறகு கழுத்து. காரணத்தைக் கண்டு அகற்றாவிட்டால் அடுத்த பறவையும் விழும். இலேசாகப் பாதிக்கப்பட்டது நிழலில், சுத்தமான தண்ணீர் வாயில் படும்படி தாங்கிப் பிடித்தால் எழும்பக்கூடும்.

புழு இல்லை, ஆனால் எச்சம் கடும் பச்சை, உடம்பு நாளுக்கு நாள் மெலிகிறது என்றால் பக்கத்துக் காணியில் கட்டட வேலை நடக்கிறதா என்று பாருங்கள். மினுங்குகிற எதையும் வாத்து விழுங்கும். கம்பித் துண்டு, திருகாணி, ஈயத் துணுக்கு எல்லாம் அரைவைப்பையில் கிடந்து அரைபடும். எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளையாகத் தெரியும். மேசன் பாஸ்மார் போன பிறகு ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுத்துப் பாருங்கள். என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதைக் கண்டால் திகைப்பீர்கள். ஈயம் காந்தத்தில் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

பெட்டை குந்திக் குந்தி எழும்புகிறது, முட்டை வரவில்லை

வாலை அமுக்கி முக்குவதும், நிமிர்ந்து நிற்க முயல்வதும், தீனைத் தொடாததும் முட்டை சிக்கியதற்கான அடையாளம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வயிறு மூழ்க அரை மணித்தியாலம் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். முட்டையை உள்ளே உடைக்க ஒருபோதும் முயல வேண்டாம். சில மணித்தியாலத்தில் வராவிட்டால் வைத்தியர்தான். மீண்டும் வராமலிருக்கக் கல்சியம் வேண்டும். கிளிக்கு வாங்கும் கணவாய் ஓட்டையே நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையானது தின்னும், மற்றது திரும்பியும் பார்க்காது.

நொண்டுகிறது, உட்கார்ந்தே இருக்கிறது

வயதைப் பார்த்துப் பிரியுங்கள். இரண்டு மூன்று கிழமைக் குஞ்சு, முழங்கால் வீங்கி, கால்கள் வளைந்து, மற்றவற்றின் பின்னால் இழுபட்டு வருகிறதென்றால் நியாசின் (பி3 விற்றமின்) குறைவு. நாம் வாங்கும் குஞ்சுத் தீன் கோழிக்குஞ்சின் கணக்கில் செய்யப்பட்டது. வாத்துக் குஞ்சுக்கு அதைவிட அதிகம் நியாசின் வேண்டும். ஒரு கப் தீனுக்கு ஒரு மேசைக்கரண்டி புரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள். கிடைக்காவிட்டால் வைத்தியரைக் கேட்டு பி கொம்பிளெக்ஸ் பாணி தண்ணீரில் விடலாம். ஆரம்பத்தில் பிடித்தால் சில நாளில் நிமிரும், எலும்பு வளைந்தபடி இறுகினால் நிமிராது. வழுக்கும் ரைல்ஸ் தரையில் குஞ்சு வளர்ப்பதும் இதே கோலத்தைத் தரும். அதற்கு ஈஸ்ட் வேண்டாம், ஒரு சாக்கு விரித்தால் போதும்.

வளர்ந்த வாத்து நொண்டினால் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சூடான வீக்கம் இருந்தால் அது சீமெந்துத் தரை தந்த பரிசு. சொரசொரத் தரையில் தோல் உரசி, காயத்துக்குள் கிருமி புகுந்து உள்ளே கட்டியாகிறது. தொடக்கத்தில் எப்சம் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்து, துடைத்து, அயடின் தடவி, உலர்ந்த படுக்கையில் விட்டால் ஆறும். பொருக்கு கெட்டியாகி நடை மாறிவிட்டால் வெட்டி எடுப்பது வைத்தியரின் வேலை, சமையலறைக் கத்தியின் வேலையல்ல. அதோடு தரையின் பாதியையாவது ரப்பர் பாயாலோ மண்ணாலோ மூடாவிட்டால் மாரிக்கு மாரி இதே கதைதான். எடை கூடிய எம்டன், துலூஸ் இரகங்களுக்கு இது முந்தி வரும்.

செட்டை வெளியே திருகி நிற்கிறது

இந்த நகரத்தில் நான் அதிகம் காணும் கோளாறு இதுதான். மடிந்து முதுகில் ஒட்ட வேண்டிய செட்டை நுனி பக்கவாட்டில் வெளியே துருத்தி நிற்கும். பெரும்பாலும் ஒரு பக்கம், அநேகமாக இடது. வலி இல்லை, பறவை சந்தோசமாகத் திரியும். வீட்டுக்காரரும் "அழகா விரிச்சு வச்சிருக்கு" என்று படம் பிடிப்பார்.

நடப்பது இதுதான். நான்கு ஐந்து கிழமையில் செட்டை இறகுகள் இரத்தம் நிறைந்த குழலோடு முளைக்கும்போது அவை பாரம். குஞ்சு அளவு மீறி வேகமாக வளர்ந்தால் மணிக்கட்டு எலும்பும் தசையும் அந்தப் பாரத்தைத் தாங்குமளவு இறுகியிருக்காது. நுனி சரிந்து வெளியே திருகும். புரொய்லர் தீன், சோறு, பாண் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நிச்சயம் என்றே வையுங்கள். பரம்பரையும் கொஞ்சம் உண்டு.

தீன் ஒழுங்கு: முதல் மூன்று கிழமை 20 வீதப் புரதமுள்ள குஞ்சுத் தீன். அதன்பின் 15, 16 வீதத்துக்கு இறக்கி வயிற்றைப் புல்லாலும் இலையாலும் நிரப்புங்கள். கங்குனும் பொன்னாங்காணியும் போதும், ஆனால் அழுக்குக் கால்வாயில் வளர்ந்த கங்குன் வேண்டாம். களைகொல்லி தெளித்த மைதானத்துப் புல்லும் வேண்டாம். பாண் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கெஞ்சினால் கீரைத் தண்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

சரிந்ததைக் கண்ட அன்றே கட்டினால் திரும்பும். செட்டையை இயல்பாக மடித்து, ஒட்டும் கிரேப் பண்டேஜை அந்தச் செட்டையை மட்டும் சுற்றிப் போடுங்கள். நெஞ்சைச் சுற்றி இறுக்கினால் மூச்சு முட்டும். இறகுக் குழல்களை நசுக்காமல் மூன்று நான்கு நாள் வைத்து, அவிழ்த்து, செட்டையை நீட்டி மடக்க விட்டு, தேவையானால் மறுபடி கட்டலாம். வளர்ந்த வாத்தில் எலும்பு இறுகிவிட்டது, கட்டிப் பயனில்லை. அது அப்படியே ஆயுள் முழுக்க நன்றாக வாழும். குஞ்சு எடுக்க மட்டும் அதை வைக்காதீர்கள்.

கண்ணில் பீளை, மூக்கில் அடைப்பு, இறகு நனைந்து தொங்குகிறது

இவை மூன்றுக்கும் அநேகமாக ஒரே காரணம், தண்ணீர் ஆழம் போதாது. வாத்து தலையை முழுதாக அமிழ்த்தித்தான் கண்ணையும் மூக்கையும் கழுவும். கோழிக்கு வைக்கும் சொட்டுக் கிண்ணம் உதவாது. குளிக்கக் கிடைக்காவிட்டால் வாலடி எண்ணெயை இறகில் பூசும் வேலையும் நின்றுபோகும், பிறகு முதல் மழைக்கே தோல்வரை நனையும்.

பெரிய பிளாஸ்டிக் பேசின் ஒன்று போதும், குளம் வெட்டத் தேவையில்லை. ஆனால் அதை ஒவ்வொரு நாளும் கவிழ்த்துக் கழுவுங்கள். அழுக்குக்காக மட்டுமல்ல. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை அளவு போதும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பேசினில் புழுவைக் கண்டால் வழக்கு உங்கள் மேல்தான். "வாத்து தின்னும்தானே சேர்" என்ற வாதம் அங்கே எடுபடாது. கவிழ்த்த தண்ணீரை வாழைக்கு விடுங்கள், குலை பருக்கும்.

தீனைத் தொடவில்லை, மூலையில் ஒடுங்கி நிற்கிறது

தீன் சாக்கின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக, சாம்பல் நிறத்தில், புளித்த மணத்தோடு வருகிறதா? 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கு. அஃப்ளரொக்சின் என்ற நஞ்சே அதை ஆராயப் போய்த்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தாரா, வாத்து இனக் குஞ்சுகள் இந்த நஞ்சுக்குக் கோழியைவிடப் பல மடங்கு மென்மையானவை. தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் கொழும்பு ஈரத்தில் அதே பாதையில்தான் போகும். இரண்டு கிழமைக்கு மேல் தீன் வாங்கி அடுக்காதீர்கள். சாக்கைத் தரையில் வைக்காமல் மூடியுள்ள பீப்பாயில் கொட்டுங்கள், எலியும் வராது. எலி வராவிட்டால் எலிக்காய்ச்சல் பயமும் குறையும், அது வாத்துக்கல்ல, காலையில் வெறுங்காலோடு கூடு கழுவும் உங்களுக்கு.

ஒரே நாளில் பல பறவைகள் செத்தால் கைவைத்தியம் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள்.

முட்டை இடுகிறது, பொரிக்கவில்லை

பத்தாம் நாள் இருட்டறையில் முட்டையை ரோச் லைட்டில் பாருங்கள். உள்ளே எதுவும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் ஒரு வழி, இரத்த நரம்பு ஓடி நின்றிருந்தால் இன்னொரு வழி.

எல்லாம் தெளிவென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சோடியை.

"நானா, இது சோடிதானே?"

"சத்தியமா சோடி மகன், பாருங்க ஒண்டை ஒண்டு விட்டு நகருதா?"

இரண்டு பெட்டையும் ஒன்றை ஒன்று விட்டு நகராது. கூட்டில் வழமையை விட இரண்டு மடங்கு முட்டை சேர்ந்தால் இரண்டும் பெட்டை. சீன இரகத்தில் ஆணுக்குச் சொண்டடிக் குமிழ் பெரிது, குரல் மெல்லியது. பெட்டையின் குரல் தடித்தது, நம்மவர் நினைப்பதற்கு நேர்மாறு. நிச்சயம் வேண்டுமென்றால் வைத்தியரைக் கொண்டு பின்துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான சோடிதான் என்றால் ஆண் முதல் வருடக்காரனா, எடை கூடிய இரகமா என்று கேளுங்கள். பாரமான ஆண் நீந்துமளவு தண்ணீர் இல்லாமல் சரியாக இணையாது. ஒல்லியான சீன இரகம் தரையிலும் சமாளிக்கும்.

நரம்பு ஓடி நின்றிருந்தால் குற்றம் பெரும்பாலும் நீங்கள் முட்டை சேர்த்து வைத்த இடத்தில். கரு சுமார் 20 பாகைக்கு மேல் மெதுவாக அசையத் தொடங்கும். நம் சமையலறைத் தட்டில் 29, 30 பாகை. அங்கே பத்து நாள் கிடந்த முட்டை பாதி வளர்ந்து, களைத்து, அடைக்கு வைக்குமுன்னே முடிந்துவிடும். ஏசி அறையின் குளிரான மூலையில் வைத்து நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள், ஒரு கிழமைக்குள் அடை வையுங்கள்.

கடைசி நாள்வரை வளர்ந்து ஓட்டுக்குள் செத்திருந்தால் ஈரம் அதிகம். இன்கியூபேட்டர் கைநூல்கள் குளிர் நாட்டுக்கு எழுதியவை, "தண்ணீர்த் தட்டை நிரப்பு" என்று சொல்லும். கொழும்புக் காற்றே தண்ணீர்த் தட்டுதான். முட்டையின் எடை 28 முதல் 31 நாள் வரையான அடைகாலத்தில் 13 வீதம் அளவு குறைய வேண்டும், இல்லாவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஈரத்திலேயே மூச்சடைக்கும். சமையலறை டிஜிட்டல் தராசில் அடை வைக்கும் நாளில் 150 கிராம் காட்டிய முட்டை, பதினான்காம் நாளில் 140 அளவுக்கு வந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். 147இல் நிற்கிறதென்றால் தட்டைக் காய விடுங்கள். கடைசி மூன்று நாளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இவ்வளவும் கரண்ட் கட் ஆகாத வீட்டுக்கு. மற்றவர்களுக்கு அடைகாக்கும் பெட்டையே நல்ல இயந்திரம்.

"சுத்த இரகம்" என்று வாங்கினேன், வளர வளர வேறாக இருக்கிறது

வீட்டு வாத்துகளுக்கு இரண்டு மூதாதையர். ஐரோப்பியச் சாம்பல் வாத்து வழி வந்தவை எம்டன், துலூஸ், பில்கிரிம். இவற்றின் சொண்டு மழமழவென்று நெற்றியில் முடியும், கழுத்து இறகில் உழுத வயல்போல் நெடுங்கோடுகள் தெரியும். ஆசிய அன்ன வாத்து வழி வந்தவை சீன இரகமும், பெயருக்கு எதிராக, ஆப்பிரிக்க இரகமும். இவற்றுக்குச் சொண்டின் அடியில் குமிழ், கழுத்து வழுவழுப்பு, பழுப்பு நிறத்தவற்றில் பிடரியில் கறுப்புக் கோடு. இரு வழியும் கலந்தால் வரும் பிள்ளைகளும் மலடல்ல. அதனால்தான் இவ்வளவு கலப்பு உலாவுகிறது.

"எம்டன்" என்று வாங்கிய வெள்ளைக்கு ஆறு மாதத்தில் குமிழ் தலைகாட்டினால், சிறிதானாலும் சீன இரத்தம் உண்டு. கறுப்புச் சொண்டில் செம்மஞ்சள் திட்டு இருந்தாலும் அதே கதை. ஆனால் இளம் வெள்ளையின் முதுகில் நாலைந்து சாம்பல் இறகைக் கண்டு விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எம்டன் குஞ்சுகளுக்கு, குறிப்பாகப் பெட்டைகளுக்கு, முதல் இறகில் அது இருக்கும், அடுத்த உதிர்வில் போய்விடும். முகத்தில் சிவப்புச் சதை பொங்கிய ஒன்றை வாத்தென்று விற்றிருந்தால் சண்டைக்குப் போகலாம், அது மஸ்கோவித் தாரா.

கலப்பு என்பது குறையல்ல. தொண்டையும் வயிறும் தொங்கும் கொழுத்த துலூஸ் கொழும்பு வெயிலில் படும் பாட்டைப் பார்த்தவர் சீனக் கலப்பைத்தான் தேடுவார். கண்காட்சி ஆசை இல்லாதவருக்கு அதுவே என் சிபாரிசு. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரே வீட்டுக் கூட்டிலிருந்து அண்ணன் தங்கை சோடியாக வருவது. ஓட்டுக்குள் சாவு, சவலைக் குஞ்சு, தலைமுறைக்குத் தலைமுறை குறையும் முட்டை என்று கண்டால் ஆணை வேறு ஊர்க் கூட்டத்திலிருந்து மாற்றுங்கள்.

ஆளைக் கொத்துகிறது

முட்டைக் காலத்தில் ஆண் சீறுவது கடமை, நோயல்ல. ஓடினால் வென்றுவிட்டதாக எண்ணும். கையை அகல விரித்து நில்லுங்கள், ஒரு விளக்குமாற்றை நடுவில் பிடியுங்கள், உதைக்க வேண்டாம். அடங்காவிட்டால் பின்னாலிருந்து செட்டையோடு சேர்த்து அணைத்துத் தூக்கி, தலையைப் பின்பக்கம் பார்க்கவைத்து ஒரு சுற்று நடவுங்கள்.

வருடம் முழுக்கக் கொத்துவது வேறு வகை. தனிக் குஞ்சாகக் கையில் வளர்ந்தது உங்களைத் தன் இனமென்று முத்திரை குத்திக்கொள்ளும். 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் இதைச் சாம்பல் வாத்துக் குஞ்சுகளில்தான் ஆராய்ந்தார். பெரிதானதும் அது உங்கள் வீட்டுக்காரியைப் போட்டியாகவும் ரியூசன் சேரை எதிரியாகவும் பார்க்கும். இரண்டு குஞ்சுக்குக் குறைய வாங்காதீர்கள்.

இரவில் கத்துகிறது

"அங்கிள், ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கட வாத்துக்கு என்ன பிரச்சினை?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்குமுன் இதைத் தீர்த்துவிடுங்கள். ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் ஒரு விஸ்கிக் களஞ்சியத்துக்கு 1959 முதல் காவல் நின்றவை வெள்ளைச் சீன வாத்துகள். நம் ஒழுங்கையில் முச்சக்கரவண்டி வெளிச்சம், தெருநாய், பூனை எல்லாமே அதற்குக் களவர்தான். கொட்டிலின் தெருப்பக்கத்தை வெளிச்சம் புகாமல் பலகையால் மூடுங்கள், காற்று எதிர்ப்பக்கம் மேலால் வரட்டும். புத்தாண்டு, தீபாவளி வெடிக்கு முன்பே உள்ளே அடைத்துவிடுங்கள். தெருவிளக்குப் படாத இருட்டில் பெரும்பாலும் அடங்கும். சோடியை இழந்த ஒன்று நாள்கணக்காக அழைத்துக்கொண்டே இருக்கும், அதற்குத் துணைதான் மருந்து.

நன்றாகப் பழகிய வாத்து திடீரென ஒரே இரவு முழுக்கக் கத்தினால் திட்டாமல் எழும்பிப் போய்ப் பாருங்கள். கால்வாய், சதுப்பு ஓரங்களில் கபரகொய்யா பகலிலும், மரநாயும் மீன்பிடிப் பூனையும் இரவிலும் வரும். கோழிக் கம்பிவலையை நாய் கிழித்துவிடும். பற்றவைத்த அரை அங்குல இரும்பு வலையை ஓரத்தில் ஓரடி மண்ணுக்குள்ளும் இறக்கிப் போடுங்கள். குஞ்சுகளுக்கு மேலேயும் மூடி வேண்டும், காகத்துக்கு.

இறகு கொட்டுகிறது, முட்டையும் நின்றுவிட்டது

பெரிய செட்டை இறகுகள் ஒரேயடியாக விழுந்து புதுக் குழல்கள் முளைக்கின்றனவென்றால் வருடாந்த உதிர்வு. சில கிழமைக்குக் கொஞ்சம் கூடப் புரதம் கொடுத்து, தூக்காமல் விடுங்கள், குழல் முறிந்தால் இரத்தம் கொட்டும். ஒரே இடத்தில், கழுத்திலோ பிட்டத்திலோ, மொட்டை விழுந்தால் அது உதிர்வல்ல. ஆண் மிதித்ததா, மற்றவை பிடுங்கினவா என்று பார்த்து, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெட்டையாவது இருக்கும்படி கூட்டத்தை மாற்றி அமையுங்கள்.